தருமபுரி சொந்தங்கள் குழு: பாப்பாவின் பழைய லேப்டாப்

அரூர் பெரியப்பா: (பலமுறை அனுப்பப்பட்டது) எச்சரிக்கை!! கம்ப்யூட்டரை அணைத்தாலும் உள்ளே ஒரு ரகசிய சிப் விழித்திருந்து எல்லாவற்றையும் அனுப்புகிறது!! உடனே பகிரவும்!!

பாலக்கோடு சித்தி: ஐயோ! பாப்பாவுக்குப் போன வாரம்தானே பெங்களூரில் பழைய லேப்டாப் வாங்கினோம்?

ஓசூர் அண்ணன்: பாதி உண்மை பெரியப்பா. சிப் இருக்கிறது. எல்லாவற்றையும் அனுப்புகிறது என்பதற்கு யாரும் ஆதாரம் காட்டவில்லை.

கடத்தூர் மாமா: என்ன சிப்புடா அது?

ஓசூர் அண்ணன்: இன்டெலில் மேனேஜ்மென்ட் என்ஜின் என்பார்கள். 2008 வாக்கிலிருந்து அநேகமாக எல்லா இன்டெல் மெஷினிலும் உண்டு. இன்டெலின் போட்டிக் கம்பெனி AMD-யும் இதுபோல் ஒன்று வைத்திருக்கிறான். தனி குட்டி பிராசசர், தனி சாஃப்ட்வேர். கரன்ட் இருந்தால் போதும், மெஷின் அணைந்திருந்தாலும் அது ஓடும். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாலும் போகாது. ஆன்டிவைரஸ் கண்ணிலும் படாது.

கடத்தூர் மாமா: வாடகைக்கு விட்டவன் ஒரு சாவியைக் கையிலேயே வைத்திருக்கிற மாதிரி சொல்லு. பிடுங்கிப் போட முடியாதா?

ஓசூர் அண்ணன்: முழுசாக அழித்தால் மெஷினே அரை மணி நேரத்தில் அணைந்துவிடும் மாமா. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான். உள்ளே மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது என்ற விஷயமே 2017-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. அதை எழுதிய டானன்பாமுக்கே செய்தியைப் பார்த்துத்தான் தெரியுமாம்!

அரூர் பெரியப்பா: அப்போ நான் அனுப்பினது சரிதானே?

ஓசூர் அண்ணன்: பயப்பட வேண்டிய இடம் வேறு பெரியப்பா. ஆபீஸ் மெஷின்களைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள ஏஎம்டி (AMT), அதாவது ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி என்று ஒரு வசதி இதிலேயே வரும். 2017 மே மாதம் அதில் ஒரு ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் எதுவும் இல்லாத காலிப் பதில் போனாலே கதவைத் திறந்துவிட்டது. இன்டெல் திருத்தம் கொடுத்துவிட்டான். பழைய மெஷின்களில் அதைப் போட்டார்களா என்பதுதான் கேள்வி.

பாலக்கோடு சித்தி: எங்களுடையதும் ஏதோ கம்பெனியில் ஓடினதுதான் கண்ணு. என்ன பண்ணட்டும்?

ஓசூர் அண்ணன்: இந்த வசதி உள்ள இன்டெல் மெஷினில் வீ-புரோ (vPro) என்று ஸ்டிக்கர் இருக்கும், இருக்கிறதா பாருங்கள் சித்தி. இருந்தால், பாப்பா, ஆன் செய்ததும் கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்து. பாஸ்வேர்டு கேட்டால் சின்ன எழுத்தில் அட்மின் என்று ஆங்கிலத்தில் அடி. அதுதான் கம்பெனியிலிருந்து வருகிற பாஸ்வேர்டு. நிறைய பேர் மாற்றுவதே இல்லை. பயாஸில், அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற சாஃப்ட்வேரில், பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் இந்த வழியாக நுழையலாம் என்று 2018-இல் எஃப்-செக்யூர் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனி காட்டியது.

பாப்பா: ஸ்டிக்கர் இருக்கு அண்ணா. மெனுவும் வந்தது. ஆனால் அட்மின் போட்டால் ஏற்கவில்லை.

ஓசூர் அண்ணன்: அப்படியானால் பழைய கம்பெனிக்காரன் தன் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். ஏஎம்டி இன்னும் ஆனில் இருக்கலாம். காலேஜ் வைஃபையில் சேர்க்காதே, சித்தப்பா பேங்க் வேலையும் அதில் வேண்டாம். கடைக்காரனிடம் கொடுத்து ஏஎம்டியை முழுசாக ரீசெட் செய்து, பயாஸ் அப்டேட்டும் போடச் சொல்லுங்கள்.

பாலக்கோடு சித்தி: அவன் பில்லே கொடுக்கலையே கண்ணு!

ஓசூர் அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வந்துவிடுங்கள் சித்தி. நானும் கூட வருகிறேன், சேர்ந்தே போய்க் கேட்போம்.