பட்டறையில இன்னும் உறுத்துற ஒரு நிமிஷம்: உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

கரித்துகள் (அம்பத்தூர்):
நானே ஆரம்பிக்கிறேன். புதுப்பேட்டையில வாங்கின லாரி ஸ்பிரிங் பட்டை, ஒன்றரை அடி. மூணு ஞாயித்துக்கிழமை அடிச்சு, அரம் போட்டு, ஒரு கத்தி உருவத்துக்குக் கொண்டாந்தேன். உலைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, பிரேக் டிரம்மும் பழைய ஹேர் டிரையரும்தான். கரி எங்க தெரு இஸ்திரிக்கார அண்ணன் கொடுத்தது. "நான் கேஸுக்கு மாறிட்டேன் தம்பி, நீயே எடுத்துக்க"ன்னு அரை மூட்டை.

நல்லா செவந்ததும், இரும்பு இறுகட்டும்னு குறட்டால தூக்கி பக்கெட் தண்ணியில முக்கினேன். புஸ்ஸுன்னு ஆவி. அதுக்குள்ள இருந்து 'டிக்'னு ஒரு சத்தம். நெத்திலி முள் உடையற மாதிரி, அவ்ளோதான். துடைச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியல. பிரமைன்னு நினைச்சு, கைப்பிடி போட்டு, பளபளன்னு ஆக்கி அம்மாகிட்ட கொடுத்துட்டேன்.

பத்தாவது நாள் தேங்காய் உடைக்கறேன்னு கத்தி முதுகால ஒரு தட்டு தட்டினாங்க. முனை தனியா சிங்க்ல போய் விழுந்துச்சு. உடைஞ்ச இடத்தைப் பாத்தேன்: பாதி கருப்பு, பாதி புதுசா சாம்பல் நிறம். கருப்பா இருந்த பாதி அன்னிக்கே போயிருக்கு. கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன். அம்மா "பரவால்லடா"ன்னாங்க பாருங்க, அதான் தாங்கல.

மாடிப்பட்டறை (வேளச்சேரி):
எனக்கு சத்தம் டிக் இல்ல, டமார். மொட்டைமாடியில அடிச்சிட்டு இருந்தேன், முந்தின நாள் நல்ல மழை. செவந்த துண்டு குறட்டுல இருந்து நழுவி தட்டோட்டு மேல விழுந்துச்சு. ஓட்டுக்குள்ள ஊறியிருந்த ஈரம் ஆவியாகி, ஓடு வெடிச்சு, சில்லு என் கண்ணாடியில பட்டுது. பவர் கண்ணாடி போடாதவனா இருந்தா இன்னிக்கு இதை யாராவது படிச்சுக் காட்டணும். கீழ் வீட்டு மாமி அதுக்கப்புறம் என்னைப் பாத்தாலே "குண்டு எப்ப?"ன்னு கேக்கறாங்க.

உளிவாயன்:
ஜிஐ பைப். தெரிஞ்சவங்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

தெரியாமதான் செஞ்சேன். கதவுக் கொக்கி அடிக்க ஆள் உயர பைப் ஒண்ணு கிடைச்சுது, நேரா உலைக்குள்ள வெச்சேன். சித்தி பையன், பதினோரு வயசு, லீவுக்கு வந்திருந்தான். பிளோயர் கைப்பிடியை அவன்தான் சுத்தினான். கொஞ்ச நேரத்துல பச்சையா ஒரு ஜுவாலை, அதுக்கு மேல இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையா நூல் நூலா மிதக்குது. "அண்ணா, பனி"ன்னான். ரெண்டு பேரும் நின்னு ரசிச்சோம்!

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல எனக்குக் குளிர் எடுத்துச்சு. மே மாசம், ஃபேனை நிறுத்திட்டு ரெண்டு போர்வை. வாயில பித்தளைக் காசு சப்பின ருசி. வீட்ல டெங்குன்னு பயந்து கிளினிக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் "இன்னிக்கு எங்கயாவது போனீங்களா, ஏதாவது செஞ்சீங்களா"ன்னு நிதானமாத்தான் கேட்டார். நான் "சும்மா வீட்லதான்"னேன். அம்மா பக்கத்துல நிக்கறாங்களே. ரத்தம் எடுத்து, பிளேட்லெட் பாத்து, எல்லாம் சரின்னு அனுப்பினாங்க. மறுநாள் சாயந்திரம் காய்ச்சல் போன இடம் தெரியல.

அப்புறம் படிச்சுத்தான் தெரிஞ்சுது: ஜிஐ பைப் மேல துருப்பிடிக்காம இருக்க ஜிங்க் (துத்தநாகம்) பூசியிருப்பாங்க. ஜிங்க் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகிடும், அந்த ஆவி எரிஞ்சதுதான் நாங்க பாத்த பனி. அதை மூச்சுல இழுத்ததுதான் அந்தக் காய்ச்சல்.

அரம்பிடி:
கரித்துகள், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க சொன்னதுல மூணு தப்பு இருக்கு. என் கதை சின்னது: ஒரு தடவை கறுத்துப்போன இரும்பை ஆறிடுச்சுன்னு நினைச்சு வெறுங்கையால எடுத்தேன். கறுத்த இரும்பும் சுடும். முடிஞ்சுது. இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

லாரி பட்டை பெரும்பாலும் ஈஎன்45 வகை, சிலிக்கான் கலந்த ஸ்பிரிங் ஸ்டீல். அது எண்ணெய்க்குப் பொறந்தது, தண்ணிக்கு இல்ல. தண்ணி சடார்னு சூட்டை உறிஞ்சிடும். மெல்லிசான வாய்ப்பக்கம் முதல்ல இறுகிடும், தடிமனான முதுகு பின்னாடி வரும், ரெண்டுக்கும் நடுவுல இழுபறி. உங்க டிக் அதுதான். கடலை எண்ணெயை அம்பது அறுபது டிகிரிக்கு சூடு பண்ணி அதுல முக்குங்க. எஞ்சின்ல இருந்து இறக்கின ஆயில் வேண்டவே வேண்டாம், புகை நெஞ்சைப் பிடிக்கும்.

அடுத்து, "செவந்ததும்"னா எந்தச் சிவப்பு? சென்னை வெயில்ல மத்தியானம் நின்னா ஆரஞ்சே மங்கல் சிவப்பாத்தான் தெரியும். ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கம்பியில கட்டிக்குங்க. இரும்பு 770 டிகிரி கிட்ட காந்தத்துல ஒட்டாது. ஒட்டாமப் போனதுக்கு மேல இன்னும் கொஞ்சம் சூடேத்தி அப்புறம் முக்கணும்.

மூணாவது, முக்கினதும் மறுபடி மிதமா சூடு காட்டி இளக்கவே இல்லையே நீங்க! தட்டினா உடையற கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். ஓடிஜி அடுப்புல 200 டிகிரி, ஒரு மணி நேரம், ஆற வெச்சு மறுபடி ஒரு மணி நேரம். துடைச்ச இடம் வைக்கோல் நிறத்துக்கு வரணும். வீட்ல கேட்டா கேக்குன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு, புதுப்பேட்டை பட்டை ஏற்கெனவே லட்சம் கிலோமீட்டர் குலுங்கினது. கண்ணுக்குத் தெரியாத விரிசலோடயே வந்திருக்கலாம். புதுத்துண்டு வாங்கிப் பழகுங்க.

துருத்தி (அயனாவரம்):
அரம்பிடி சார், தண்ணிக்குப் பொறக்கலன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டீங்க. எங்க தாத்தா தென்காசிப் பக்கம் ஆயுசு முழுக்க தண்ணியிலதான் தோய்ச்சல் போட்டார், அதுவும் லாரி பட்டையிலதான். ஆனா முழுசா முக்க மாட்டார். வாய் மட்டும் தண்ணியைத் தொடும், எடுத்துருவார். முதுகுல மிச்சம் இருக்கிற சூடு வாய்க்கு இறங்கி வரும். ஒரு கல்லுல தேச்சுட்டு நிறம் ஓடுறதைப் பாத்துக்கிட்டே இருந்து, மஞ்சள் வாய்க்கு வந்ததும் மறுபடி தண்ணி. உங்க ஓடிஜி செய்யற வேலையை அந்த முதுகே செஞ்சுடும். பட்டறையில ஜன்னல் வைக்காம இருட்டா வெச்சிருந்ததும் நிறம் பாக்கத்தான்.

என் கதை வேற. தாத்தாவை இங்க கூட்டிட்டு வந்தப்ப, அவர் இரும்பை வெச்சு அடிக்கிற அடைகல்லையும் வேன்ல கொண்டாந்தோம். சின்ன வீடு, பால்கனியில கிடந்துச்சு. எல்லாரும் அதுல இடிச்சுக்கிட்டோம். அவர் கொடுத்துடுன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நான்தான் பழைய இரும்புக் கடைக்கு ஆட்டோவுல ஏத்தினேன், அவரும் கூட வர்றேன்னு ஏறிட்டார். கடைக்காரர் எடை போடறதுக்கு முன்னாடி ஒரு நட்டை எடுத்து அதுமேல தட்டினார். கோயில் மணி மாதிரி கணீர்னு அடிச்சுது. நான் திரும்பிப் பாத்தேன். தாத்தா ஆட்டோவுக்குள்ள, சுத்தியல் பிடிக்கிற மாதிரி வலது கை மூடியிருந்துச்சு. எதுவும் பேசல. கிலோ கணக்குல காசு வாங்கிட்டு வந்தேன்.

எழும்பூர் மியூசியத்துல ஆதிச்சநல்லூர் இரும்பைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க. அந்தப் பக்கம் போறப்பெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான்.

ரெண்டடி (பெரம்பூர்):
துருத்தி அண்ணே, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

எங்கிட்ட அடைகல் கிடையாது, தண்டவாளத் துண்டுதான். ரெண்டடின்னா லேசுன்னு நினைச்சு ஸ்கூட்டர் முன்னாடி வெச்சேன். மீட்டருக்கு 52 கிலோன்னு அப்புறம்தான் கணக்கு போட்டேன், ரெண்டடியே முப்பது கிலோவைத் தாண்டுது. ஹேண்டில் திரும்பல. சிக்னல்ல ஒரு கான்ஸ்டபிள் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தார். "தம்பி, மிச்ச ரயில்பாதை எங்க?"ன்னார். சிரிக்கிறாரா கேக்கறாரான்னு இன்னி வரைக்கும் தெரியல. பச்சை விழுந்துச்சு, கிளம்பிட்டேன். இப்பவும் காக்கிச் சட்டை தெருவுல வந்தா சாக்கைப் போட்டு மூடறேன்.

அரம்பிடி:
மூடினா போதாது. ரயில்வே சொத்தை முறையில்லாம வெச்சிருந்தா 1966-லயே தனிச் சட்டம் இருக்கு. ஏலத்துல எடுத்த கடைன்னா பில் கொடுப்பாங்க, கேட்டு வாங்கி வெச்சுக்குங்க. பில் இல்லன்னா அந்தத் துண்டு வேண்டாம். லேத் பட்டறையில கனமான எம்எஸ் (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) பிளாக் வெட்டித் தருவாங்க, அது போதும்.

துருத்தி, வாய் மட்டும் தோய்க்கிறது எனக்கும் தெரியும். அதுக்கு உங்க தாத்தா கண்ணு வேணும். கரித்துகளுக்கு அது இல்ல, எனக்கும் இல்ல. அதனாலதான் எண்ணெய்னேன்.

கரித்துகள்:
சண்டை வேண்டாம் அண்ணே, ரெண்டையும் குறிச்சு வெச்சிருக்கேன். நேத்து லைட்டை அணைச்சுட்டு எண்ணெயில முக்கினேன், சத்தம் இல்ல. வீடு முழுக்க பூரி வாசனை. அம்மா எட்டிப் பாத்து ஏமாந்து போயிட்டாங்க.

மாடிப்பட்டறை:
உளிவாயன், கேக்க மறந்துட்டேன். அந்தப் பையனுக்கு அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் ஆகலயே?

உளிவாயன்:
ஆகல. பிளோயர் சுத்தினான்ல, அது காத்து வர்ற பக்கம் இருந்துச்சு. புகை முழுக்க என் பக்கம் அடிச்சுது. நான் யோசிச்சு அவனை அங்க நிக்க வெக்கல. கைப்பிடி அந்தப் பக்கம் இருந்துச்சு, அவ்வளவுதான்.