புதுப்பிப்பு: தள்ளுபடி நீக்கும் டூலுக்கு விளக்கம் தயார்

ஷாப்பிஃபை (ஆன்லைன் கடை நடத்தும் தளம்) கடையில் தள்ளுபடியை நீக்கும் டூலை, அதை அழைத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டுக்குப் புரியும்படி எப்படி விவரிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, எழுதி முடித்துவிட்டேன்.

கூப்பன் கோடுக்கும் தானியங்கித் தள்ளுபடிக்கும் ஷாப்பிஃபையின் ஏபிஐயில் (மற்ற மென்பொருள்கள் அதனுடன் பேசும் வழி) தனித்தனி நீக்கல் அழைப்புகள். அதனால் டூலையும் இரண்டாக்கிவிட்டேன்.

அதிகம் மெனக்கெட்டது விளக்கத்தின் முதல் வரிக்குத்தான்: "நிரந்தரமாக நீக்கும். நிறுத்தினால் போதும் என்றால் டீஆக்டிவேட் டூலைப் பயன்படுத்து." கடைக்காரர் "அந்த ஆஃபரை எடுத்துடு" என்றால் பெரும்பாலும் நிறுத்தத்தான் சொல்கிறார்.

தள்ளுபடியின் ஐடியை ஏஜென்ட் ஊகிக்கக் கூடாது. தேடி, தலைப்பைக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே அழைக்க வேண்டும். எம்சிபியின் (ஏஐயை டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட்டையும், அதாவது 'இது அழிக்கும் செயல்' என்ற அடையாளத்தையும், போட்டிருக்கிறேன். ஆனால் அது வெறும் குறிப்பு, தடுப்பு அல்ல. ஏபிஐ பதிலில் பிழைகளைப் பட்டியலிடும் யூசர்எரர்ஸ் காலியா என்று பார்க்காமல் "நீக்கியாச்சு" என்று சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தாயிற்று.