48 ஐகான்கள், பிஎன்ஜி ஆக்கினால் மங்கலாக வருகின்றன. அவசரம்

தேன்சிட்டு
வணக்கம். ஒரு செயலிக்காக 48 ஐகான்கள் வரைந்திருக்கிறேன். வரையும்போது பளிச்சென்று இருக்கின்றன, பிஎன்ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்தால் மங்கிவிடுகின்றன. அளவும் ஒன்றுபோல் இல்லை. எல்லாம் 32க்கு 32 பிக்சல் வர வேண்டும். சில 33 வருகின்றன, ஒன்று 27. ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சொடுக்கிச் சேமித்ததில் பாதி நாள் போய்விட்டது. நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். எந்த அமைப்பை மாற்றுவது?

வளைகோடன்
எந்த மென்பொருள்? எந்தப் பதிப்பு? பக்கத்தின் அலகு என்ன? முழுப் பக்கத்தையும் எக்ஸ்போர்ட் செய்கிறீர்களா, தேர்ந்தெடுத்ததை மட்டுமா? இவற்றைச் சொல்லாவிட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

நீலமை
டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது, 96 என்று இருக்கும். 300 போடுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுத்திருக்கிறது.

தேன்சிட்டு
இங்க்ஸ்கேப்தான், புதியது. 300 போட்டுப் பார்த்தேன், 100க்கு 100 என்று பெரிதாக வந்தது. அதை 32 ஆகக் காட்டச் சொன்னால் முன்பைவிட மோசம்.

பழந்தூரிகை
'புதியது' என்று ஒரு பதிப்பு எண் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை, தம்பி. உதவி மெனுவுக்குள் எண் எழுதியிருக்கும், எட்டிப் பாருங்கள். 32ஐ 96ஆல் வகுத்து 300ஆல் பெருக்கினால் 100. மென்பொருள் சொன்னதைச் செய்திருக்கிறது. இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

கூழாங்கல்
படத்தை எதில் திறந்து பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். கணினியின் திரை அமைப்பு 125 சதவீதத்தில் இருந்தால் 32 பிக்சல் படம் 40 பிக்சலாக இழுக்கப்படும். ஒரு பிக்சல் கோடு ஒன்றேகால் பிக்சல் ஆகும். அந்தக் கால் பிக்சலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்துப் பிக்சலில் பூசிவிடும். கோப்பு நன்றாகவே இருக்கும், கண்தான் ஏமாறும். இதற்காக ஒரு வாரம் முழுவதும் நல்ல ஐகான்களைத் திரும்பத் திரும்ப வரைந்தவன் நான்.

தேன்சிட்டு
பதிப்பு 1.3. திரை 100 சதவீதம்தான். பக்கம் ஏ4, அலகு மில்லிமீட்டர். மென்பொருளைத் திறந்ததும் வந்தது, நான் எதையும் தொடவில்லை. அரை மில்லிமீட்டர் கட்டம் போட்டு, அதில் ஒட்டவைத்து வரைந்தேன். தேர்ந்தெடுத்ததை மட்டும் எக்ஸ்போர்ட் செய்கிறேன்.

கிம்ப் என்ற பட மென்பொருளில் 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி ஐகானின் வெளிக்கோடு ஒரே பிக்சல், நல்ல கருப்பு. மூடியைக் காட்ட உள்ளே ஒரு குறுக்குக்கோடு உண்டு. அது மட்டும் இரண்டு வரிசைச் சாம்பலாகத் தெரிகிறது. கருப்பு என்று எங்கும் இல்லை.

வளைகோடன்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேராக விஷயத்துக்கு வந்திருக்கலாம். வெளிக்கோடு சுத்தமாக இருந்து உட்கோடு மட்டும் கெட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தேர்ந்தெடுத்ததை எக்ஸ்போர்ட் செய்யும்போது, அந்த உருவத்தின் வெளிவிளிம்பிலிருந்துதான் பிக்சல்களை எண்ணத் தொடங்கும். அதனால் வெளிக்கோட்டுக்கு இடம் சரியாக அமைந்துவிடும். உள்ளே இருப்பது எங்கே விழும் என்பது அதன் அதிர்ஷ்டம்.

பெட்டியின் அகலம் 8.5 மில்லிமீட்டர், மூடிக்கோடு மேலிருந்து 2.5 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 1 பிக்சல் என்று ஊகிக்கிறேன். சரியா?

தேன்சிட்டு
ஆமாம்! எப்படித் தெரிந்தது?

வளைகோடன்
33 என்ற எண்ணே சொல்கிறது. இங்க்ஸ்கேப்பில் ஓர் அங்குலம் 96 பிக்சல், ஆகவே ஒரு மில்லிமீட்டர் 3.78 பிக்சல். 8.5 மில்லிமீட்டர் என்றால் 32.13. கோட்டின் தடிமன் பாதைக்கு இருபுறமும் பாதிப் பாதியாக நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. கூட்டினால் 33.13, முழு எண்ணாக்கினால் 33. 27 வந்தது ஏதோ ஒல்லியான உருவமாக இருக்கும், அம்புக்குறி மாதிரி. தேர்ந்தெடுத்த உருவம் எவ்வளவோ அவ்வளவுதான் படம். சுற்றிலும் வெற்றிடம் வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

மூடிக்கோடு: 2.5 மில்லிமீட்டர் 9.45 பிக்சல். கோடு மேல் விளிம்பிலிருந்து 9.45இல் தொடங்கி 10.45இல் முடிகிறது. அதாவது ஒரு வரிசையில் பாதிக்குச் சற்று மேல், அடுத்த வரிசையில் மீதி. நீங்கள் பார்த்த இரண்டு சாம்பலும் இவைதான். டிபிஐயில் கைவைத்து இதைச் சரிசெய்ய முடியாது. கோடு நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

நீலமை
ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. அச்சுக்குக் கொடுக்கும் எல்லோரும் 300தான் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருமா முட்டாள்கள்? இன்னொன்று, எக்ஸ்போர்ட் பெட்டியில், ஓரங்களில் சாம்பல் கலந்து மென்மையாக்கும் ஆண்டி-ஏலியாசிங் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சுழியமாக்கினால் சாம்பலே வராது.

அரைப்புள்ளி
சாம்பல் வராது, உண்மைதான். சாய்கோடுகளும் வட்டங்களும் மாடிப்படி ஆகிவிடும். தலைவலிக்குத் தலையை எடுக்கும் வைத்தியம்.

பழந்தூரிகை
அச்சில் தாளின் அளவு அங்குலத்தில் இருக்கிறது, அதனால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. 32 பிக்சல் ஐகானுக்கு அங்குலமே கிடையாது. திரைக்கு 72 என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது 1984இல் வந்த முதல் மெக்கின்டோஷ் திரையின் கணக்கு. பிஎன்ஜி கோப்புக்குள் டிபிஐ என்று எதுவுமே கிடையாது என்பதையும் இங்கே யாராவது கற்றுக்கொண்டால் நல்லது.

கூழாங்கல்
அதில் பாதிதான் சரி, ஐயா. டிபிஐ என்று இல்லை, ஆனால் மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று எழுதிவைக்க ஒரு இடம் உண்டு. 96 என்றால் 3780, 300 என்றால் 11811. அச்சுக்கான மென்பொருள் அதைப் படித்துத்தான் தாளில் எவ்வளவு பெரிதாக வைப்பது என்று முடிவுசெய்கிறது.

பழந்தூரிகை
எழுதிவைப்பதால் ஒரு பிக்சலாவது மாறுகிறதா? மாறாது. நான் சொன்னதும் அதுதான்.

கூழாங்கல்
நீங்கள் சொன்னது 'எதுவுமே கிடையாது' என்று. மேலே இருக்கிறது, எல்லோரும் படிக்கலாம்.

மழைக்காகம்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2015இல் வரைந்த பழைய கோப்புகள் இருக்கின்றன. இப்போது திறந்தால் அளவுகள் எல்லாம் சற்று மாறித் தெரிகின்றன. அதுவும் இதே கோளாறா?

கூழாங்கல்
அது வேறு. 0.92 பதிப்பு வரும்வரை இங்க்ஸ்கேப்புக்கு ஓர் அங்குலம் 90 பிக்சல். 2017இல் வந்த 0.92தான் அதை 96 ஆக்கியது, வலைப்பக்கங்களின் கணக்கோடு ஒத்துப்போவதற்காக. பழைய கோப்பைத் திறக்கும்போது என்ன செய்வது என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். தனி இழையாகப் போடுங்கள், இங்கே ஏற்கெனவே நெரிசல்.

தேன்சிட்டு
டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் அலகை மில்லிமீட்டரிலிருந்து பிக்சலுக்கு மாற்றிவிட்டேன். எந்த மாற்றமும் இல்லை. அதே சாம்பல், அதே 33.

பழந்தூரிகை
முழக்கோலை வைத்துவிட்டுக் கெஜக்கோலை எடுத்தால் துணி நீளுமா, தம்பி?

வளைகோடன்
கிண்டலை விட்டுவிட்டால் அவர் சொல்வது சரி. அலகை மாற்றியது அளவைக் காட்டும் விதத்தைத்தான் மாற்றியது, கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை நகர்த்த வேண்டும். பழைய கட்டத்தை நீக்கிவிட்டு 1 பிக்சல் இடைவெளியில் புதுக் கட்டம் போடுங்கள். 1 பிக்சல் கோடுதான் வேண்டும் என்றால் கட்டத்தின் தொடக்கப் புள்ளியை இரண்டு அச்சிலும் 0.5 என்று கொடுங்கள். அப்போது முனைகள் பிக்சலின் நடுவில் உட்காரும், கோடு அந்தப் பிக்சலை முழுதாக நிரப்பும். பெட்டியின் முனைகளுக்கு இடையே 31 வைத்தால் வெளியளவு 32 வரும். 2 பிக்சல் கோடு போதும் என்றால் இந்த அரை வம்பே இல்லை: தொடக்கம் 0, முனைகள் முழு எண்களில்.

48 ஐகான்களின் எல்லா முனைகளையும் நகர்த்தத் தேவையில்லை. நேர்கோடுகளை மட்டும் பாருங்கள். வளைவும் சாய்வும் எப்படியும் சாம்பல் கலந்துதான் வரும், கண் அதை மன்னித்துவிடும்.

கட்டளைவரி
ஒவ்வொன்றாகச் சேமிக்கும் கொடுமையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாதி நாள் போனது அதில்தானே?

ஐகான்களுக்கு அடியில் தனி லேயர் (அடுக்கு) ஒன்று வையுங்கள். அதில் ஒவ்வொரு ஐகானுக்கும் நிறமோ கோடோ இல்லாத ஒரு சதுரம், மிகச் சரியாக 32க்கு 32, அதன் இடது மேல் மூலை முழு எண்ணில். அம்புக்குறி 27 அகலமே இருந்தாலும் அதன் சதுரம் 32தான். சதுரத்தின் ஐடி, லேபிள் இரண்டிலும் ஐகானின் பெயரையே எழுதிவிடுங்கள். கோப்புப் பெயருக்குத் தனியாக உழைக்க வேண்டாம். பிறகு அந்த லேயரில் நின்று கண்ட்ரோல் ஏ அழுத்தினால் 48 சதுரங்களும் தேர்வாகும். எக்ஸ்போர்ட் பெட்டியில், பலவற்றை ஒன்றாகச் சேமிக்கும் பேட்ச் எக்ஸ்போர்ட் பகுதிக்குப் போங்கள். 2022இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து அது இருக்கிறது, உங்களிடமும் இருக்கும். அங்கே செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, 96 டிபிஐக்கு ஒரு வரி, 192க்கு ஒரு வரி சேர்த்து, இரண்டாவதற்குப் பெயரின் பின்னொட்டு ஒன்று கொடுங்கள். 32, 64 இரண்டும் ஒரே அழுத்தில் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் டிக் போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தால் 48 சதுரங்கள்தான் எக்ஸ்போர்ட் ஆகும், அவற்றில் எதுவும் இல்லை. முதல்முறை நான் அப்படித்தான் 48 அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றுப் படங்களை ஒருவருக்கு அனுப்பிவைத்தேன். அவர் மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்.

அரைப்புள்ளி
இவ்வளவு பாடு எதற்கு? பிக்சல் இல்லாமல் கோடுகளின் கணக்கையே வைத்திருக்கும் எஸ்விஜி கோப்பையே கொடுத்துவிட்டால் எந்த அளவிலும் காட்டிக்கொள்ளலாமே.

கட்டளைவரி
காட்டிக்கொள்ளலாம். ஆனால் 9.45இல் நிற்கும் கோடு எஸ்விஜியிலும் 9.45இல்தான் நிற்கும். 32 அளவில் அதே சாம்பலைத் திரை வரையும், பழி மட்டும் வேறொருவர் மேல் விழும்.

தேன்சிட்டு
கேட்பவர்கள் பிஎன்ஜிதான் கேட்டிருக்கிறார்கள். 32, 48, 64.

வளைகோடன்
48ஆ? அதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்! 64 என்பது சரியாக இரு மடங்கு, சுத்தமாக வரும். 48 ஒன்றரை மடங்கு. 1 பிக்சல் கோடு ஒன்றரை ஆகும், எங்கே வைத்தாலும் ஓர் ஓரம் சாம்பல் தட்டும். 2 பிக்சல் கோடு என்றால் சரியாக 3 ஆகிறது. முனைகள் இரட்டைப்படை எண்களில் இருந்தால் அவையும் 3இன் மடங்குகளில் போய் விழும், ஆனால் 3 பிக்சல் கோட்டுக்கு நடு அரையில் இருக்க வேண்டும். ஆகவே அவை கெடும், ஒற்றைப்படை எண்களில் நிற்பவை மட்டும் சுத்தமாக வரும். 48க்குத் தனிப் பிரதி எடுத்துக் கோடுகளை மறுபடி உட்காரவையுங்கள், அல்லது அந்த அளவில் கொஞ்சம் மங்கல் பரவாயில்லையா என்று கேட்டுவிடுங்கள்.

நீலமை
288 டிபிஐயில் எடுத்து 48 ஆகச் சுருக்கினால்?

பழந்தூரிகை
மறுபடியும் டிபிஐ.

தேன்சிட்டு
2 பிக்சல் கோட்டுக்கு மாற்றினேன், சதுரங்கள் வைத்தேன். 32, 64 இரண்டும் வந்துவிட்டன, ஒரே அழுத்தில். மூடிக்கோடு கருப்பு. அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மழைக்காகம்
48ஐ என்ன செய்தீர்கள்? எனக்கும் அதே அளவு கேட்கிறார்கள்.

மழைக்காகம்
தேன்சிட்டு, இருக்கிறீர்களா?