குன்னூர் பங்களா பீங்கான் தட்டுகள்: முத்திரை, கறை பற்றி உதவி தேவை

வணக்கம். குன்னூர் எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து வந்த ஆறு தட்டுகள். நீலப் பூ அச்சு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவவில்லை, ஆகவே போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த, ஒளி ஊடுருவும் பீங்கான்) அல்ல.

பின்புறம் வைர வடிவ முத்திரை, உச்சி வட்டத்தில் ரோமன் எண் நான்கு. 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் போட்ட டிசைன் பதிவு அது. ஆண்டெழுத்து 1867 வரை மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். இதில் கிளேஸ் (மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு) வழிந்து இரண்டு மூலையும் மங்கல். கீழ் மூலையில் மட்டும் எண் தெரிகிறது. அது பார்சல் எண் (பதிவுக்கு வந்த தொகுப்பின் எண்) என்றால், அந்த எண் கீழ் மூலையில் இருந்தது 1867 வரைதான், ஆகவே பதிவு 1868க்கு முந்தையது. சரிதானா? பதிவான தேதிதான் கிடைக்கும், சுட்ட தேதி அல்ல. 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லாததால் 1891க்கு முந்தையது என்று சொல்லாதீர்கள். நாட்டின் பெயர் போட வேண்டும் என்ற அந்த 1891 விதி அமெரிக்கா போன சரக்குக்கு.

அடுத்தது கறை. மலை ஈரத்தில் மண் உடல் மெல்ல வீங்கும், கிளேஸ் வீங்காது. மயிரிழை விரிசல் விழுந்து எண்ணெய் இறங்கிப் பழுப்பாகிறது. பிளீச் வேண்டாம், உப்பு தங்கிப் படிகமாகிக் கிளேஸைப் பெயர்க்கும். காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறவைத்து, 6% ஹைட்ரஜன் பெராக்சைடு நனைத்த பஞ்சை ஒட்டி பாலிதீன் சுற்றலாம் என்று திட்டம்.

ஊட்டி, குன்னூரில் 6% எங்கே கிடைக்கும்? மூடுபனி மாதத்தில் உள்ளீரம் காய எத்தனை நாள் விடுகிறீர்கள்? ஒரு தட்டில் உடைந்ததை இணைத்த பழைய இரும்புக் கம்பித் தையல், துரு கசிகிறது. கழற்றலாமா, விடலாமா?