சாணியில் ஊர்ந்தது எறும்பில்லை

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. ஆனி மழை விட்ட ஒரு காலையில் தொழுத்தில் சாணி அள்ளப் போனேன். அப்போதுதான் போட்டது, ஆவி அடங்கவில்லை. அதன்மேல் கறுப்பாக எறும்பு ஊர்ந்தது. சூட்டுச் சாணியில் எறும்புக்கு என்ன சோலி என்று குனிந்தால், எல்லாவற்றுக்கும் இறக்கை! சிறுத்த இடுப்பு, உருண்டைத் தலை, அரிசிமணியைவிடச் சின்ன உடம்பு. துடுப்புப் போடுவதுபோல் இறக்கைகளை விரித்து ஆட்டிக்கொண்டே நடந்தன. இறக்கை நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி. ஈசல் என்றாள் அம்மை. ஈசலுக்கு நாலு இறக்கை, இதற்கு இரண்டுதான். அப்போ ஈயா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

ஈயேதான் அண்ணாச்சி, செப்சிஸ் வகை. ரத்தத்தில் கிருமி ஏறும் நோய்க்கும் இதே பேர்தான், பயப்பட வேண்டாம். கிரேக்கத்தில் அழுகல் என்று பொருள்.

'சாண ஈ' என்று தேடி நானும் ஏமாந்திருக்கிறேன். வந்ததெல்லாம் மஞ்சள் ரோமம் போர்த்த ஓர் ஈ. குளிர்நாட்டுக்காரன், மற்ற ஈக்களைப் பிடித்துத் தின்பவன். ஜெஃப் பார்க்கர் என்ற உயிரியலாளர் 1970-ல் அதன் இனச்சேர்க்கைப் போட்டியை எழுதப்போய் அதற்குப் பேர் வந்துவிட்டது. நம்ம ஊர்க் கறுப்பனை யார் கண்டுகொள்கிறார்கள்?

தக்கலையில் மாமா வீட்டுத் தொழுத்தில் லென்ஸோடு அரை மணி நேரம் குத்தவைத்திருந்தேன். மாமா ஒருமாதிரிப் பார்த்தார், அது வேறு கதை. ஆண் முதுகில் ஏறி, முன்னங்காலால் பெண்ணின் இறக்கை அடியை இடுக்கிப் பிடிக்கிறது. அந்தக் காலில் முள்ளும் பள்ளமும் இருக்கும், இனத்துக்கு இனம் வேறு மாதிரி. ஆணை வைத்து இனம் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். முட்டையிலும் ஒரு வேலைப்பாடு உண்டு: ஒரு நூல் நீண்டிருக்கும், முட்டை சாணிக்குள் புதைந்தாலும் நூல் வெளியே நின்று மூச்சுக்கு வழி விடும். படம் எடுத்தால் முன்னங்கால் தெரிய எடுங்கள்.

*

தோவாளையிலிருந்து நான். போன மாதம் பசுவுக்குக் குடற்புழு மருந்து, ஐவர்மெக்டின் ஊசி போட்டோம். அப்புறம் சில நாள் சாணியில் இந்த ஈக்கள் வழக்கம்போல மொய்த்தன, ஆனால் கிளறினால் ஈயின் புழு ஒன்றுகூட இல்லை. மருந்தில் பெரும்பகுதி சாணியோடுதான் வெளியேறுமாம், குஞ்சுப் புழுக்கள் அதில் பிழைக்காது என்று பிறகுதான் வாசித்தேன். நேற்று ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். வெள்ளையாக நாலைந்து நெளிந்தன. "இதுக்கா இந்தச் சிரிப்பு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.