பிரிண்டர் நின்று நின்று அச்சிடுகிறது: உதவி தேவை

தாள்சிக்கல்:
பேரலல் போர்ட்டில் இணைத்த பிரிண்டருக்கு எதை அனுப்பினாலும் ஓரிரு வரிகளை அச்சிட்டுவிட்டு, பல நொடிகள் அசையாமல் நின்று, பிறகுதான் தொடர்கிறது. அவசர வேலை இருப்பதால் உடனே வழி சொல்லுங்கள்.

ஊசிமுனை:
எந்த இயங்குதளம், எந்த பிரிண்டர் மாடல், பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) போர்ட் எஸ்பிபி, இபிபி, இசிபி ஆகிய இயக்க முறைகளுள் எதில் இருக்கிறது என்று எதையுமே சொல்லவில்லையே. பூட் செய்தியில் போர்ட்டைப் பற்றி வரும் வரிகளையும் இடுங்கள்.

செம்புக்கம்பி:
கேபிளை மாற்றுங்கள். பேரலல் கேபிள்களுக்கான ஐஇஇஇ 1284 தரத்தில் இல்லாத நீளக் கேபிளாகத்தான் இருக்கும்.

தாள்சிக்கல்:
இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி. பூட் செய்தி, பேரலல் போர்ட்டான எல்பிடி0-ஐ 'இன்டரப்ட்-டிரிவன் போர்ட்' (குறுக்கீட்டுச் சமிக்ஞையால் இயங்குவது) என்று காட்டுகிறது. பழைய ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டு ஒன்றும் உண்டு.

பழைய கெர்னல்:
மேன் பக்கத்தை (கட்டளைக் கையேட்டை) திறந்து பார்த்திருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது. முதல் பேரலல் போர்ட் வழக்கமாக ஐஆர்க்யூ 7-இல் (சாதனம் பிராசஸரை அழைக்கும் குறுக்கீட்டுத் தடம்) இருக்கும். சவுண்ட் கார்டும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், பைட்டைப் பெற்றுக்கொண்டதாக பிரிண்டர் தரும் ஒப்புகை டிரைவரை எட்டாது, அதுவும் வீணாகக் காத்திருக்கும். ரூட்டாக நுழைந்து எல்பிடிகன்ட்ரோல் கட்டளையை '-பி' உடன் கொடுத்து, குறுக்கீட்டுக்குக் காத்திராமல் டிரைவரே பிரிண்டரின் நிலையைப் பார்க்கும் போலிங் முறைக்கு மாற்றுங்கள். கேபிள் கெட்டிருந்தால் எழுத்துகள் சிதையும், இப்படித் தயங்காது.

செம்புக்கம்பி:
ஒப்புகை வருவதே 10-ஆம் முள்ளின் வழியாகத்தான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல் இதே தயக்கம்தான் தெரியும் என்பதைத் தாங்கள் எந்த மேன் பக்கத்திலும் படிக்கவில்லை போலும்.

பழைய கெர்னல்:
ஐஆர்க்யூ மோதல் கண்ணெதிரே இருக்கும்போது கம்பியைத் தேடுவது வீண்.

ஊசிமுனை:
போலிங் முறையில் இரண்டு கோளாறுகளுமே மறைந்துவிடும் என்பதால், அதை வைத்து உங்கள் வழக்கைத் தீர்க்க முடியாது. மேலும், பிரிண்டர் தயாரா என்று பிராசஸர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சவுண்ட் கார்டை ஐஆர்க்யூ 5-க்கு நகர்த்திப் பார்ப்பதே முறை.

தாள்சிக்கல்:
'-பி' கொடுத்ததும் வேகம் வந்துவிட்டது, நன்றி. சவுண்ட் கார்டைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்கி, படிக்கட்டுபோல் வலப்பக்கம் இறங்குகிறது. முன்பும் அப்படித்தான் இருந்தது.

ஊசிமுனை:
அதை இப்போதுதான் சொல்கிறீர்கள். யூனிக்ஸ் வரியின் முடிவில் லைன் ஃபீட் (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டுமே அனுப்பும். உங்கள் பிரிண்டரோ கேரேஜ் ரிட்டர்னையும் (வரித் தொடக்கத்துக்குத் திரும்பு) எதிர்பார்க்கிறது. அதைச் சேர்க்கும் சிறு ஃபில்டரை (இடைநிலை நிரலை) எழுதி, பிரிண்டர் அமைப்புக் கோப்பான பிரிண்ட்கேப்பில் குறிப்பிடலாம். சில பிரிண்டர்களில் ஓர் எஸ்கேப் கட்டளையே (பிரிண்டரின் அமைப்பை மாற்றும் சிறப்புக் குறியீடு) போதும். எது பொருந்தும் என்று சொல்ல, நான் முதலிலேயே கேட்ட மாடல் தெரிய வேண்டும்.