எட்டில் ஏழு பேர் பிழைத்தும் முயெம்பேயின் ரத்த சிகிச்சை ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி
காங்கோவின் வைரஸ் ஆய்வாளர் ழான்-ஜாக் முயெம்பேயின் பணிகளைப் படித்துவருகிறேன். 1995-இல் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஏழு பேர் பிழைத்தார்கள். மொத்த நோயாளிகளில் சுமார் 80 சதவீதம் பேர் இறந்த பரவல் அது. பிறகு ஏன் இந்த முறை நிலைக்கவில்லை? 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் 1
ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ரத்தம் ஏற்றியது ஜூன் மாதத்தில், பரவல் ஓய்ந்துவந்த நேரம். அப்போது நோயாளிகளுக்குக் கிடைத்த கவனிப்பும் தொடக்கத்தில் இருந்ததைவிட மேல். அதைவிட முக்கியம் நோய்நாள், அதாவது நோய் தொடங்கி எத்தனையாவது நாள் என்பது. எபோலாவில் பெரும்பாலான சாவுகள் முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களில் நேர்ந்துவிடும். ரத்தம் பெற்றவர்களில் சிலர் இரண்டாவது வாரத்தில் இருந்தவர்கள். அவர்கள் எப்படியும் பிழைத்திருக்கலாம். வயது, பால், நோய்நாள் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ரத்தத்தின் பலன் தனியாகத் தெரியவில்லை. அதற்காகப் பலனே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது, எட்டுப் பேரை வைத்து அதையும் சொல்ல முடியாது.

பதில் 2
அளவுச் சிக்கலும் உண்டு. ஒருவர் ரத்தத்தில் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) நிறைய இருக்கும், இன்னொருவருக்குக் குறைவாக இருக்கும். அதை அளக்க உயிருள்ள வைரஸைக் கையாளும் உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். 2015-இல் கினியாவில் 84 பேருக்கு, தலா 200 முதல் 250 மி.லி. கொண்ட இரண்டு பை, மீண்டவர்களின் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றினார்கள். ஆன்டிபாடி அளவு முன்கூட்டியே தெரியாமல்தான் கொடுத்தார்கள். இறப்பு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனையும் தேவை. பரவல் நடுவே இதெல்லாம் பெரிய வேலை.

பதில் 3
தொடர்பு நேரடியானது. கிக்விட்டில் பிழைத்த ஒருவரிடமிருந்து சுமார் 11 ஆண்டுகள் கழித்து ரத்தம் எடுத்து, அதிலிருந்த ஆன்டிபாடிகளில் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் நீங்கள் கேட்ட, 2020-இல் ஒப்புதல் பெற்ற எம்.ஏ.பி.114. ஆக, கலவையான ரத்தத்துக்குப் பதில் அளந்து கொடுக்கக்கூடிய ஒரே பொருள் கிடைத்தது: உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி., நரம்பு வழியாக ஒரே முறை. முயெம்பே தலைமையேற்ற கின்ஷாசாவின் தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனமும் இதில் பங்காளி.

2018 நவம்பரில் தொடங்கிய சோதனையில் நான்கு மருந்துகளை ஒப்பிட்டார்கள். வெறும் மருந்துப்போலி (மருந்தே இல்லாத போலி மருந்து) யாருக்கும் தரவில்லை, அது சரியான முடிவு. இறப்பு எம்.ஏ.பி.114-க்கு 35 சதவீதம், பழைய மருந்தான இசட்மேப்புக்கு ஏறத்தாழ 50.

கேள்வி கேட்டவர்
35 சதவீதமும் அதிகம்தானே?

பதில் 3
அந்தச் சராசரி இரண்டு வேறுபட்ட கூட்டத்தை மறைக்கிறது. வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்தவர்களில் இறப்பு சுமார் 10 சதவீதம்; மிகுந்த நிலையில் வந்தவர்களில் சுமார் 70. அறிகுறி தோன்றிக் கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டியது. ஆகவே நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களை 21 நாட்கள் தினமும் பார்த்து, காய்ச்சல் கண்ட அன்றே சேர்க்கும் வேலையை விட்டுவிட்டால் மருந்து இருந்தும் பாதிப் பயன்தான். இன்னொன்று, இது எபோலாவின் ஸயர் வகை வைரஸுக்கு மட்டுமே; சூடான் வகைக்கு வேலை செய்யாது. எந்த வகை என்று முதலில் பரிசோதனையில் தெரிந்துகொள்ள வேண்டும்.